ஆண்டுக்கு ஓர் அங்கம்
நெக்சஸ் பிரைம் · டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சேகரிப்பாளர் சங்கம், அமெரிக்கா · 2005–2009

ஒற்றை ரோபோவாக நிற்கும் இது உண்மையில் ஐந்து பொம்மைகள்: ஸ்கைஃபால், லேண்ட்குவேக், டாப்ஸ்பின், பிரேக்அவே, ஹீட்வேவ். சந்தா கட்டியவருக்கு ஆண்டுக்கு ஒன்றாகத் தபாலில் வந்தன. ஐந்தும் சேர்ந்தால்தான் நெக்சஸ் பிரைம் எழுந்து நிற்பான். நடுவில் சேர்ந்தவர் விட்டுப்போன அங்கங்களைத் தேடி அலைய வேண்டியதுதான். சந்தாவை விடாமல் கட்டவைக்க இதைவிடச் சாமர்த்தியமான வழி ஏது!

புதிய வார்ப்பு அச்சு செய்யப் பெருஞ்செலவாகும். அதனால் கடைகளில் ஏற்கெனவே விற்ற ‘எனர்ஜான்’ வரிசைப் பொம்மைகளின் அச்சுகளிலேயே நிறம் மாற்றி வார்த்தார்கள். பெயரும் கதையும் வேறு. கதை சங்கத்தின் இருமாத இதழில் படக்கதையாக வந்தது.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் உரிமம் பெற்றுச் சங்கத்தை நடத்திய ஃபன் பப்ளிகேஷன்ஸ், தன் கடைசி ‘பாட்கான்’ மாநாட்டை 2016 ஏப்ரலில் லூயிவில் நகரில் கூட்டியது. அந்த ஆண்டோடு உரிமம் முடிந்தது, சங்கமும் கலைந்தது. பழைய உறுப்பினர்கள் கூடினால் முதலில் விலையைப் பற்றிய முணுமுணுப்பு. அது ஓய்ந்ததும், தபால் பெட்டி வந்த நாளின் கதைகள்.