எண்ணூர்க் கழியும் புயலுக்குப் பிந்திய உணவும்

விவசாயப் பத்திரிகையில் இறாலையும் கருவாட்டையும் பற்றி எழுதுவானேன் என்று சில மிராசுதார்கள் வினவக்கூடும். பூண்டி நீர்த்தேக்கத்தில் மிஞ்சிய கொசஸ்தலையாற்று வெள்ளம் திருவள்ளூர் ஜில்லா வயற்புறங்களைக் கடந்து எண்ணூரில் சமுத்திரத்தை அடைகிறது. நல்ல ஜலமும் உப்பு ஜலமும் கலக்கும் அக்கழியிலேதான் இறாற் குஞ்சுகள் வளர்கின்றன. ஆகையால் ஐப்பசி, கார்த்திகை மழை கழிக்கு எரு இட்டதற்கு ஒப்பாகும்.

2023-ம் வருஷத்து மழை அவ்வாறிருக்கவில்லை. மிக்ஜாம் புயல் டிசம்பர் 5-ந் தேதி ஆந்திர தேசத்துப் பாபட்லா அருகே கரையேறிற்று. ஆயினும் அதற்கு முந்திய இரண்டு நாட்களிலேயே சென்னையை ஜலத்தில் ஆழ்த்திவிட்டது. மணலித் தொழிற்சாலைப் பிரதேசத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து கழியிற் பரவிற்று. படகும் வலையும் கறுத்தன. மீனவர்கள் வாளிகளைக் கொண்டு எண்ணெயை மொண்டெடுத்தனர். எண்ணூர் மீன் என்றால் வாங்குவோர் இல்லை.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், படகொன்றுக்கு 10,000 ரூபாயும் சர்க்கார் உதவி அறிவித்தனர். இவ்விடத்தில் கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. படகுடையவன் பெயர் எளிதில் ஜாபிதாவில் ஏறிவிடும். ஓலைப் பறியைப் பல்லிற் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளப் பெண்களுக்குப் படகேது, நம்பரேது? அவர்களை மழைக்கு முன்னரே நேரிற் சென்று விசாரித்து எழுதிக்கொள்ளல் வேண்டும்.

திருவொற்றியூர், மணலித் தெருக்களில் ஜலம் நின்ற நாட்களில் மின்சாரமில்லை, பாலும் அரிதாயிற்று. அப்போது கைகொடுத்தது வெயிற்காலத்தில் உலர்த்தி வைத்த கருவாடே. குடியானவனுக்குக் குதிர் எப்படியோ, மீனவர் வீட்டுக்குக் கருவாட்டுப் பானை அப்படி. நெத்திலியை வெறுஞ்சட்டியில் வறுத்து, சின்ன வெங்காயத்துடன் கஞ்சிக்குக் கடித்துக்கொள்ளும் ருசியை விருந்துச் சாப்பாட்டிலும் காண்பதரிது. வெளி ஜில்லாக்களிலிருந்து வந்த அரிசியும் ரொட்டியும் பல வீடுகளின் அடுப்பையும் வயிற்றையும் காத்தன. அவற்றை அனுப்பியவர்களுள் நமது வாசகர்களும் இருந்திருப்பர். அவர்களுக்கு நன்றி கூறுதல் கடன்.

ஜலம் வடிந்து, மாலைக் கடைகள் மீண்டும் விளக்கேற்றியபோது ஜனங்கள் தேடிச் சென்றவற்றுள் அத்தோவும் ஒன்று. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் கொணர்ந்த பண்டம் இது. இராயபுரத்துக்குத் தெற்கே பர்மா பஜார் வட்டாரத்தில் பிரசித்தம். மிக்ஜாம் என்னும் பெயரை இட்டதும் பர்மா தேசமே என்பது வேடிக்கை! கோதுமைச் சேவையோடு முட்டைக்கோசு, புளிக்கரைசல், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய் இவற்றைச் சேர்த்துக் கையாற் பிசைந்து தருவர். இவற்றுள் வயலிலிருந்து வாராதது எது? பக்கத்திலேயே ஒரு கிண்ணம் சூடான வாழைத்தண்டுச் சாறு. தார் வெட்டியபின் தண்டை வரப்பில் எறிந்துவிடும் குடியானவர்கள், சென்னை செல்லும்போது அதை ஒரு முறை பருகிப் பார்க்கட்டும்.