சாவியை விட்டதும் அணையும் என்ஜின்: பழைய ஆஸ்திரேலியக் கார்களில் கோளாறு தேடுவது பற்றி

ஒரு பழைய கிரைஸ்லர் வேலியண்ட். செல்ஃப் அடித்தால் என்ஜின் உடனே பிடித்துக்கொள்கிறது. அப்பாடா என்று சாவியை விட்ட அந்த நொடியே அணைந்துவிடுகிறது. மறுபடி அடித்தால் மறுபடி அதே கதை. வீட்டு கராஜில் வைத்து ரிப்பேர் பார்ப்பவர்கள் பலரும் இந்த இடத்தில் பெட்ரோல் பம்ப்பை மாற்றுவார்கள், பிறகு கார்புரேட்டரைப் பிரிப்பார்கள், பிறகு காயில். மூன்று வாரக் கடைசிகளும் கணிசமான பணமும் போயிருக்கும். கார் அப்படியேதான் இருக்கும்.

இத்தனைக்கும் இந்தக் கோளாறு தன் முகவரியைத் தானே சொல்லிவிடுகிறது. எப்படின்னு பார்ப்போம்.

அந்தக் கால இக்னிஷன் காயில் முழு 12 வோல்ட்டில் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஓடும்போது அதற்குக் குறைந்த வோல்டேஜ் போதும். அதனால் சாவிக்கும் காயிலுக்கும் நடுவில் பேலஸ்ட் ரெசிஸ்டர் என்று ஒன்று இருக்கும். ஃபயர்வாலில் திருகியிருக்கும் சின்ன வெள்ளைப் பீங்கான் கட்டி. ஆனால் செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் கரண்டை உறிஞ்சி, பேட்டரி வோல்டேஜே இறங்கிவிடும். அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் ரெசிஸ்டரைத் தாண்டி, காயிலுக்கு நேராகக் கரண்ட் போக இன்னொரு வழி வைத்திருப்பார்கள்.

ஆக, காயிலுக்கு இரண்டு வழிகள். செல்ஃப் அடிக்கும்போது ஒன்று, சாவியை விட்டபின் மற்றொன்று. முதல் வழியில் என்ஜின் ஓடுகிறது என்றால் பெட்ரோல், கார்புரேட்டர், காயில், பாயிண்ட் (நம்மூர் அம்பாசடர் மெக்கானிக்குகள் சிபி பாயிண்ட் என்பார்களே, அதுதான்), டைமிங் எல்லாமே நிரபராதிகள். இரண்டு வழிக்கும் அவை பொது. குற்றவாளி இரண்டாவது வழியில் மட்டும் இருக்கும் ஏதோ ஒன்று: ரெசிஸ்டர், சாவி ஸ்விட்சின் ரன் கான்டாக்ட், அல்லது நடுவில் ஓடும் வயர். இக்னிஷனைப் போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில், ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் வோல்டேஜ் வந்து மறுமுனையில் பூஜ்யம் என்றால் ரெசிஸ்டர் போய்விட்டது. இரண்டிலும் இல்லையென்றால் ஸ்விட்சையோ வயரையோ பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

சிலர் ரெசிஸ்டரின் இரு முனைகளையும் ஒரு வயர் துண்டால் இணைத்து, 'சரியாயிடுச்சு' என்று கிளம்பிவிடுவார்கள். கார் ஓடும். காயில் சூடேறிக்கொண்டே இருக்கும், பாயிண்ட் கருகும். அடுத்து அந்தக் காரை வாங்குகிறவர் முற்றிலும் வேறொரு கோளாறைத் தேடிக்கொண்டிருப்பார். தற்காலிக பேட்ச் நிரந்தரமாகிப் போவதை என் துறையில் நிறையவே பார்த்திருக்கிறேன், அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

இந்தக் கார்களுக்கு இது ஏன் கூடுதலாக முக்கியம்? செய்தவர்கள் இப்போது இல்லை. வேலியண்ட் உற்பத்தி 1981-ல் முடிந்தது. ஃபோர்டு 2016 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் கார் செய்வதை நிறுத்தியது. ஹோல்டனின் கடைசிக் கார் 2017 அக்டோபர் 20 அன்று அடிலெய்டுக்கு வடக்கே எலிசபெத் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. புகழ்பெற்ற மாடல்களுக்கு மறு உற்பத்திப் பாகங்கள் கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் ஐம்பது வருஷம் உழைத்த அசல் பாகத்தைச் சந்தேகத்தின் பேரில் கழற்றி வீசிவிட்டு, தரம் தெரியாத புதுசைப் போடுவது, ஒரு கோளாறு இருந்த இடத்தில் இரண்டை உண்டாக்கும் வழி.

ஹோல்டனுக்கு வருவோம். 1948-ல் வந்த முதல் ஹோல்டனின் ஆறு சிலிண்டர் என்ஜினை கிரே மோட்டார் என்பார்கள். 1963-ல் ஈ.எச். மாடலோடு வந்தது ரெட் மோட்டார், 149, 179 கன அங்குலம் என இரண்டு அளவுகளில். பெயர்க் காரணம் என்ஜின் பிளாக்கில் அடித்த பெயிண்டின் நிறம், அவ்வளவுதான். ரெட் மோட்டாரின் பலவீனம் ஊரறிந்தது: கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் கியர் ஃபைபரால் ஆனது. சத்தம் குறைவாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்தார்கள். வயதானால் பல் உதிர்ந்துவிடும். ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென நின்று, செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால், எதையும் பிரிப்பதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கேம்ஷாஃப்ட்டிலிருந்துதான் சுழல்கிறது. உள்ளே ரோட்டர் அசையாமல் நின்றால் முதல் சந்தேகம் அந்த கியர் மேல்தான். மாற்றும்போது பலரும் உலோக கியர் போட்டுக்கொள்கிறார்கள். கொஞ்சம் சத்தம் வரும். நானாக இருந்தால் அதைத்தான் போடுவேன்.

இருபது நிமிஷம் ஓடிச் சூடானதும் நின்றுபோகும் கார் இதைவிடத் தொல்லை பிடித்தது, ஏனென்றால் ஆறியதும் எல்லாம் சரியாக இருக்கும். நின்ற உடனே, ஆறுவதற்குள், இரண்டைப் பாருங்கள். ஏர் கிளீனரைக் கழற்றி கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் இழுங்கள், பெட்ரோல் பீச்ச வேண்டும். அப்புறம் பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் இருந்து ஸ்பார்க் இல்லையென்றால் காயில், கண்டென்சர் பக்கம் போகலாம். மறுபக்கம் என்றால் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிவிடுகிறது, அல்லது டேங்க் துரு எங்கோ அடைக்கிறது.

ஒரு வேடிக்கை: புதுசாகப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிற்கும் காரில்தான் எர்த் கோளாறு அதிகம் வரும். இந்தக் கார்களில் கரண்ட் திரும்பிப் போகும் வழி பாடியின் இரும்பு. எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயிண்ட் அடித்துவிட்டால் அது இன்சுலேட்டர். என்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் அதற்கென்று தனி எர்த் பட்டை வேண்டும். அது விட்டுப்போனால் ஸ்டார்ட்டர் கரண்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பி, கேபிளே சூடாகும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் அளந்தால் அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாது.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் கால பிரேக் ஷூ, கிளட்ச், கேஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஆஸ்திரேலியா முழுத் தடை கொண்டுவந்தது 2003 டிசம்பர் 31-ல்தான். கம்ப்ரெசர் வைத்துத் தூசியை ஊதவே ஊதாதீர்கள். தகுந்த மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டிப்போடுங்கள்.

என்ஜின் எல்லாம் ஒரு வகையில் சுலபம். இந்தக் கார்களைக் கொல்வது துருதான். வாங்குவதற்கு முன் சட்டைப்பையில் ஒரு காந்தத்தோடு போங்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில், முன் கண்ணாடிக்கு அடியில் காற்று நுழையும் பள்ளம், ஸ்டெப்னி வைக்கும் குழி, இந்த மூன்றிலும் ஒட்டிப் பாருங்கள். காந்தம் நழுவினால் அங்கே இரும்பு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள். ஹோல்டனில் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடு, அதனால் சில் வெறும் அலங்காரமல்ல. அதை வெட்டி மாற்றும் டிங்கரிங் வேலைக்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு அடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் சாத்தாது.