ஒளிந்திருந்த குரல்

"மேல்நாட்டுப் பாட்டா? அந்தக் கூச்சல் நமக்கு எங்கே புரியப் போகிறது!" என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், வாசகர்களே. இது பாட்டைப் பற்றிய செய்தி மட்டுமல்ல. தன்னிடம் இருந்த செல்வம் இன்னதென்று அறியாமலே இருபது வயதைத் தாண்டிவிட்ட ஒரு பெண்ணின் கதை. பெற்ற தாய்க்கும் அது தெரியவில்லை. கண்டுபிடித்தவர் வேறொருவர்.

அவர் பெயர் ஜோன் சதர்லண்ட். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1926ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய தையற்காரர். ஜோனுடைய ஆறாவது பிறந்த நாளன்றே அந்தத் தந்தை மாரடைப்பால் காலமானார். குடும்பம் உறவினர் வீட்டில் ஒதுங்க வேண்டியதாயிற்று.

தாய் மூரியல் நல்ல பாடகி. ஆனால் பாட்டைத் தொழிலாகக் கொள்ளவில்லை. நாள்தோறும் பியானோவின் முன் அமர்ந்து குரற்பயிற்சி செய்வார். சிறுமி ஜோன் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா பாடுவதை அப்படியே திருப்பிப் பாடுவாள். அவளுக்குக் கிடைத்த முதல் இசைப் பள்ளி அதுதான்.

பெண் குரலில் எத்தனை வகை?

மேல்நாட்டார் பெண்களின் குரலை உயரத்தையும் கனத்தையும் பார்த்துப் பிரிப்பார்கள். மிக உயர்ந்த குரல் சொப்ரானோ. அதற்கு ஒரு படி கீழே மெஸ்ஸோ சொப்ரானோ. சொப்ரானோவிலும் ஒரு தனி வகை உண்டு. அதன் பெயர் கொலொரத்தூரா. நம் பாட்டில் பிருகா உதிர்வதைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? ஏறத்தாழ அதைப்போலவே, சுரங்களை மணிமணியாகக் கோத்து, மின்னல் வேகத்தில் மேலும் கீழும் ஓடவிடும் குரல் அது. அடுத்தடுத்த இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி அதிரச் செய்வதும் அதில் ஒரு வித்தை.

இத்தனையும் ஒலிபெருக்கி இல்லாமல் செய்யவேண்டும். ஓபரா என்னும் இசை நாடகத்தில், மேடைக்கு முன்னே பெரியதொரு வாத்தியக் குழு முழங்கும். அதையும் தாண்டிக் கடைசி வரிசையில் இருப்பவரின் காதில் குரல் விழவேண்டும்.

மூரியல் மெஸ்ஸோ குரல் உள்ளவர். மகளுக்கும் அதுதான் என்று நம்பினார். ஜோன் 16 வயதில் பள்ளியை விட்டு, தட்டெழுத்து கற்று, அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 18 வயதில்தான் முறையான இசைப் பயிற்சி தொடங்கியது. ஆசிரியர்கள் அவர் சொப்ரானோ என்று கண்டார்கள். ஆனால் அவர்களும் கனமான, வீரம் மிகுந்த பாத்திரங்களுக்கே அக்குரல் ஏற்றது என்று எண்ணினார்கள். 1949, 1950ஆம் ஆண்டுகளில் பாட்டுப் போட்டிகளில் முதல் பரிசு பெற்றார். பரிசுப் பணத்தைக் கைச்செலவாக வைத்துக்கொண்டு 1951இல் தாயுடன் இலண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

ஏமாற்றிக் கொடுத்த பாடம்

இலண்டனில் கோவென்ட் கார்டன் அரங்கம் புகழ்பெற்றது. அங்கே முதல் தேர்விலேயே இடம் கிடைத்துவிடவில்லை. மீண்டும் மீண்டும் போய்ப் பாடிக் காட்டி, 1952இல் உள்ளே நுழைந்தார். கிடைத்தவை பெரும்பாலும் சிறு வேடங்கள். அவ்வாண்டு நவம்பரில் அங்கே 'நோர்மா' நாடகம் நடந்தபோது தலைமைப் பாத்திரத்தில் பாடியவர் உலகப் புகழ் பெற்ற மரியா காலாஸ். அவருக்குத் தோழியாக ஓரத்தில் நின்றவர் நம் ஜோன்.

இந்தக் காலத்தில்தான் ரிச்சர்ட் பானிங் அவர் வாழ்க்கைக்குள் வந்தார். இவரும் சிட்னிக்காரர், பியானோ பயில வந்த இளைஞர். ஜோன் வீட்டில் தன்னை மறந்து பாடும்போது குரல் எங்கேயோ உயரப் பறப்பதை அவர் கவனித்தார். "இது கனமான பாத்திரங்களுக்கான குரல் அல்ல, கொலொரத்தூரா" என்றார். தாயும் ஏற்கவில்லை, மகளும் ஏற்கவில்லை.

பானிங் என்ன செய்தார் தெரியுமா? ஒரு சுரத்தைக் கேட்டவுடன் அது இன்ன சுரம் என்று சொல்லும் காது அவருக்கு உண்டு. ஜோனுக்கு அது கிடையாது. பயிற்சியின்போது, அவரிடம் சொல்லாமலே கட்டையை மெல்ல மெல்ல ஏற்றிப் பியானோ வாசித்தார். தான் வழக்கமான உயரத்தில்தான் பாடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே, ஜோன் அதுவரை தொடாத உயரங்களைத் தொட்டுவிட்டார்! "முடியாது" என்ற எண்ணம் குறுக்கே வராதபோது குரல் தானாகவே போய்விட்டது. 1954இல் இருவரும் மணம் செய்துகொண்டனர்.

1959 பிப்ரவரி 17

அரங்கத்தில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. பிறகுதான் அந்த இரவு வந்தது. டொனிசெட்டி 1835இல் இசையமைத்த 'லூசியா' நாடகத்தைக் கோவென்ட் கார்டன் மேடையேற்றியது. அண்ணன் போலிக் கடிதம் ஒன்றைக் காட்டி, காதலன் கைவிட்டுவிட்டான் என்று தங்கையை நம்பவைக்கிறான். விருப்பமில்லாத ஒருவனுக்கு அவளைக் கட்டிவைக்கிறான். மணநாள் இரவிலேயே லூசியா சித்தம் கலங்கி மணமகனைக் கொன்றுவிடுகிறாள். இரத்தக் கறை படிந்த ஆடையுடன் விருந்தினர் நடுவே வந்து, காதலனோடு பேசுவதாக எண்ணிப் பாடுகிறாள். குழலும் குரலும் ஒன்றையொன்று துரத்தும் காட்சி அது. கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். 32 வயதில், ஒரே இரவில், ஓரத்தில் நின்றவர் உலகப் பாடகி ஆனார்.

அதே ஆண்டில் அவருக்கு மூக்கெலும்புக் குழிகளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பாட்டை நம்பி வாழ்பவருக்கு அது எத்தகைய அச்சம் என்று எண்ணிப் பாருங்கள். குரல் பிழைத்தது. 1960இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் பாடியபோது இரசிகர்கள் 'லா ஸ்டுபெண்டா' என்று பட்டம் சூட்டினார்கள். வியக்க வைப்பவள் என்று பொருள். 1961இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கிலும் லூசியாவாகவே அறிமுகமானார்.

இசைத்தட்டில் எதைக் கேட்கலாம்?

டெக்கா நிறுவனம் அவர் குரலை ஏராளமாகப் பதிவு செய்திருக்கிறது. புதிதாகக் கேட்பவர்களுக்கு மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, 1960இல் பதிவான 'தி ஆர்ட் ஆஃப் தி பிரிமா டோனா'. இரண்டு இசைத்தட்டுகளில் 16 பாடல்கள். ஒவ்வொன்றும் முற்காலப் பாடகி ஒருவரின் நினைவாகப் பாடப்பட்டது. இதற்குக் கிராமி விருது கிடைத்தது.

இரண்டாவது, 'லூசியா' முழு நாடகம். இதை 1961இலும் 1971இலும் இருமுறை பதிவு செய்தார். முன்னதில் குரலின் புதுமை. பின்னதில் அனுபவத்தின் கனிவு. பின்னதில் காதலனாகப் பாடுபவர் பவரோட்டி. அவர் பெரும்புகழ் அடையுமுன்னே, 1965இல் தம் ஆஸ்திரேலியப் பயணத்தில் சேர்த்துக்கொண்டவர் ஜோன்.

மூன்றாவது நமக்கு நெருக்கமானது. டெலிப் என்ற பிரெஞ்சுக்காரர் இசையமைத்து 1883இல் மேடையேறிய 'லக்மே'. கதை நடப்பது வெள்ளையர் ஆண்ட இந்தியாவில். நாயகி லக்மே பிராமண அர்ச்சகரின் மகள். அவள் பாடும் 'மணிப் பாட்டில்' ஒரு கதை வருகிறது. ஒதுக்கப்பட்ட குலத்துப் பெண் ஒருத்தி, மணியை ஒலித்துக் காட்டு விலங்குகளை விரட்டி, வழிப்போக்கன் ஒருவனைக் காப்பாற்றுகிறாள். வந்தவன் விஷ்ணு! அவளைத் தன்னுடன் வானுலகுக்கு அழைத்துச் செல்கிறான். விஷ்ணுவைப் பிரம்மாவின் மகனாக்கிவிட்டார்கள் அந்தப் பிரெஞ்சுக்காரர்கள், அதை மன்னித்துவிடுவோம். அந்தப் பெண்ணின் குலத்தைச் சொல்ல அவர்கள் எடுத்துக்கொண்ட 'பரியா' என்ற சொல் 'பறையர்' என்ற நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. உலகம் இழிவாக வழங்கிய அந்தச் சொல்லுக்கு உரியவளே இந்தப் பாட்டில் கடவுளின் கைபிடித்துப் போகிறாள். தொடக்கத்தில் சொற்களே இல்லை, வெறும் அகாரம்தான். மொழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். ஜோன் 1967இல் இந்த நாடகத்தை முழுமையாகப் பதிவு செய்தார்.

குறையும் சொல்ல வேண்டும். ஜோன் பாடும்போது சொற்கள் தெளிவாக விழுவதில்லை என்று விமரிசகர்கள் பல காலம் குறைப்பட்டார்கள். கேட்டால் உங்களுக்கே தெரியும். ஓசையின் அழகுக்காக உச்சரிப்பை நெகிழவிட்டார்.

1990 அக்டோபர் 2ஆம் நாள், சொந்த ஊரான சிட்னியின் ஓபரா மாளிகையில் கடைசி முழு நாடகம் பாடி, 63 வயதில் ஓய்வு பெற்றார். 2010 அக்டோபர் 10ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் காலமானார்.

வாசகர்களே, மூரியல் கெட்ட தாய் அல்லர். மகளுக்குப் பாட்டையே ஊட்டியவர் அவர்தாம். ஆயினும் தன் குரலைப் போலவே மகள் குரலும் இருக்கும் என்று எண்ணினார். "இவன் அப்பனைப் போலத்தான், இவளுக்கு இவ்வளவுதான்" என்று நாமும் வீட்டில் சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் என்னைப் போன்ற ஆசிரியர்களும் சொல்கிறோம். பிள்ளை தன்னை மறந்து விளையாடும்போதும், பாடும்போதும், கணக்குப் போடும்போதும் சற்றே காது கொடுத்துக் கேட்போம். அளவுகோலை நீட்டுவதற்கு முன்னால், கட்டையை ஓர் அரைப்படி ஏற்றி வைத்துப் பார்ப்போம்.