வாசலில் விழும் விதைகள்

ஆனி மாதம் பிறந்துவிட்டால், கொங்குச் சீமையில் வேப்ப மரமுள்ள வீடுகளின் வாசலெல்லாம் மஞ்சள் பழங்கள் உதிர்ந்து கிடக்கும். காலையில் எழுந்ததும் அவற்றைக் கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டுகிறோம். நாம் கொட்டுவது குப்பையன்று, நாளைய மரங்கள்!

வேப்ப விதையின் ஆயுள் மிகக் குறைவு. பழுத்து விழுந்த சில வாரங்களிலேயே அதன் முளைக்கும் திறன் வேகமாகக் குன்றிவிடும். நாவல், இலுப்பை விதைகளும் அத்தகையவையே. இவற்றைச் சேமித்து வைத்து, வேண்டும்போது விதைக்க இயலாது. விழுந்த சில நாட்களுக்குள் எடுத்து விதைக்க ஒரு கை வேண்டும். அதற்கு வீட்டிலிருக்கும் நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?

கோவையைச் சூழ்ந்த பல சாலைகளில் நிழல் தந்து நின்ற பெருமரங்கள், சாலை விரிவாக்கத்தில் வீழ்ந்துவிட்டன. தமிழகத்தின் பசுமைப் பரப்பைச் சுமார் 24 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்த வேண்டுமென்று 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அரசின் நாற்றங்கால்கள் மட்டுமே இச்சுமையைத் தாங்கிவிட முடியாது.

எந்த மரத்தை வளர்ப்பது?

பச்சையாக இருந்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலம், விறகுக்கு உதவும் என்று பரப்பப்பட்டது. பின்னர் அதுவே ஏரி, குளம், மேய்ச்சல் நிலங்களை ஆக்கிரமித்துக் கொண்டது. இத்தகைய அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே 2022-இல் தனிக் கொள்கை வகுக்க நேர்ந்தது.

நம் மண்ணுக்குரிய மரத்தை அறியக் காங்கேயம், தாராபுரம் பகுதிக் கொரங்காடுகளைப் பார்த்தாலே போதும். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும், நடுவே வெள்வேல மரமுமாக அமைந்த மேய்ச்சல் காடுகள் அவை. குறைந்த மழையில் வளரும் அம்மரம், கோடையிலும் ஆடுகளுக்குக் காய் உதிர்க்கிறது. வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், இலுப்பை, வாகை ஆகியனவும் நம் மண்ணை அறிந்தவையே.

வழிகாட்டிய இருவர்

கோவையில் அரசுப் பேருந்து நடத்துனராகப் பணியாற்றிய மாரிமுத்து யோகநாதன், பயணச் சீட்டோடு மரக்கன்றையும் பயணிகளுக்கு இலவசமாக வழங்கியவர். தம் ஊதியத்தில் ஒரு பகுதியை இதற்கெனவே செலவிட்டவர். 2021 மார்ச்சில் பிரதமரின் வானொலி உரையிலும் அவர் பெயர் இடம் பெற்றது.

கடல் கடந்த கென்யாவில் 1977-இல் வங்காரி மாத்தாய் என்னும் பெண்மணி, கிராமத்துப் பெண்களையே நாற்று வளர்ப்போராக்கினார். அதிகம் படித்திராத அப்பெண்கள் அக்கம்பக்கத்து மரங்களின் விதைகளைச் சேகரித்துக் கன்றுகளாக்கினர். நட்ட கன்றுக்கு அன்று, பிழைத்த கன்றுக்கே அவர்களுக்குச் சிறு தொகை வழங்கப்பட்டது. அவ்வியக்கம் சுமார் மூன்று கோடி மரங்களை உருவாக்கிய நிலையில், 2004-இல் மாத்தாய் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

செய்முறை எளிது

சகோதரிகளே! அரை லிட்டர் பால் உறையின் வாயை வெட்டி, அடியில் நான்கு துளையிடுங்கள். செம்மண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். வேப்பம் பழத்தின் சதையை நீக்கிக் கழுவி, நிழலில் இரண்டொரு நாள் உலர்த்தி, விரற்கடை ஆழத்துக்கும் குறைவாகப் புதையுங்கள். ஒன்று முதல் மூன்று வாரங்களில் முளை தெரியும். நாவல் விதை ஒன்றிலிருந்தே பல முளைகள் வருவதுண்டு; திடமானதை மட்டும் விட்டுவையுங்கள். புங்க விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்தால் போதும். வெள்வேல விதையின் தோல் கடினமானது. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, அது ஆறியபின் ஓரிரவு ஊறவிட வேண்டும்.

தண்ணீர்ப் பஞ்சம் என்று தயங்க வேண்டாம். அரிசி கழுவிய நீரும், ஒளுச் செய்த நீரும் பத்துக் கன்றுகளுக்குப் போதுமானவை. வேர் துளை வழியே வெளிவந்து தரையைப் பற்றாதபடி, மாதம் இருமுறை உறைகளை இடம் மாற்றி வையுங்கள். நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் நீரைச் சற்றுக் குறைத்து, வெயிலுக்குப் பழக்குங்கள்.

நம் பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே பெரிது. ஆனியில் விதைத்தது அப்போது நடுவதற்கு ஆயத்தமாகிவிடும். ஆடு மாடு நடமாடும் இடமெனில், மேலும் ஓராண்டு வளர்த்துப் பெரிய கன்றாக நடுவதே நலம்.

ஒன்றை மறவாதீர்கள்: நட இடம் பாராமல் நாற்று வளர்க்கக் கூடாது. உறையிலேயே தங்கிவிட்ட கன்றின் வேர் சுருண்டு, மரம் வலுவிழக்கும். பள்ளிவாசல் வளாகம், மதரஸா, மையவாடி என்று இடத்தை முதலில் பேசி முடித்து, ஓராண்டேனும் நீர் ஊற்றுபவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த நெறி. நாம் மறைந்த பின்னும் தொடரும் அந்த தர்மம், ஒரு பால் உறைக்குள் தொடங்கக்கூடியது.

வரும் ஆனியில் துடைப்பத்தை எடுக்கும்முன் பத்து விதைகளைப் பொறுக்கி வையுங்கள். இன்ஷா அல்லாஹ், நம் பேரப்பிள்ளைகள் அந்நிழலில் நிற்பார்கள்.