நீருக்கும் ஒரு கணக்கு வேண்டும்

மூலதனம் கரைந்தால் எந்தச் சங்கமும் நிலைக்காது. சங்கங்களின் பேரேடுகளைப் பார்வையிடும் நாம் இதனை நன்கு அறிவோம். கடலூர், சிதம்பரம் வட்டாரங்களின் நீர்வளமும் அத்தகைய மூலதனமே. அது கரைந்து வருவதை அங்கத்தினர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பெற்ற வீராணம் ஏரி, கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் பெறுகிறது. சுமார் 44,000 ஏக்கர் நிலம் அதனை நம்பியிருக்கிறது. 2004 முதல் சென்னை மாநகரும் அதிலிருந்து குடிநீர் பெறுகிறது. ஆனால் வண்டல் படியப் படிய ஏரியின் கொள்ளளவு குறைகிறது. பந்தியில் ஆட்கள் பெருக, பானையோ சிறுத்து வருகிறது.

நிலத்தடி நீரின் நிலையும் இதுவே. விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் விழும் மழை பூமிக்குள் இறங்கிக் கிழக்கே பரவுகிறது. இடையே நெய்வேலியில், 1956-இல் நிறுவப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களுக்காக, நிலக்கரிப் படிவத்தின் அடியிலுள்ள நீரழுத்தத்தைத் தணிக்க இரவும் பகலும் நீர் இறைக்கப்படுகிறது. வயல்களின் ஆழ்குழாய்க் கிணறுகளும் இதனுடன் சேர்ந்தன. நன்னீர் மட்டம் தாழ்ந்தால் கரையோரத்தில் கடல்நீர் உட்புகும். உப்பேறிய நீர் நாற்றங்காலுக்கும் ஆகாது. நூலுக்குச் சாயம் தோய்க்கவும் ஆகாது.

பருவமும் முன்போல் இல்லை. கடலும் காற்றும் வெப்பமடைவதால் மேகங்கள் மிகுந்த ஈரத்தைச் சுமக்கின்றன. வாரக்கணக்கில் பெய்ய வேண்டிய மழை ஓரிரு நாளில் கொட்டிவிடுகிறது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது; குறிஞ்சிப்பாடிப் பகுதி வெள்ளக்காடாயிற்று. இத்தகைய வெள்ளத்தில் சம்பாப் பயிர் அழுகுகிறது, குழித்தறியில் நீர் நிற்கிறது, பாவு காய்வதில்லை. தூர்ந்த ஏரியில் அந்நீர் தங்குவதுமில்லை. ஆகவே, மார்கழியில் மூழ்கிய ஊரே சித்திரையில் குடத்துடன் அலைகிறது.

சுரங்கத்தையும் பருவத்தையும் ஒரு சங்கம் மாற்றிவிட இயலாது. ஆயினும் நம்மால் ஆவன பல உள. தமிழக அரசு 2017-இல் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது, பாசனதாரரே முன்னின்று ஏரிகளைச் சீர்செய்யும் பழைய வழி புத்துயிர் பெற்றது. அவ்வழியில், ஐப்பசி மழைக்கு முன்பே வரத்து வாய்க்கால்களைத் தூர் வாருவோம். உரிய அனுமதி பெற்று ஏரி வண்டலை வயலுக்குச் சேர்ப்போம். சம்பா அறுவடைக்குச் சற்று முன்னர் எஞ்சிய ஈரத்தில் உளுந்து விதைத்தால், கோடை நெல்லுக்கு நீர் இறைக்கும் தேவை குறையும். சாயக் கழிவை வாய்க்காலில் விடாதிருத்தல் நெசவாளர் கடமை.

மேலும், ஒவ்வொரு சங்கமும் மாதந்தோறும் ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுதி, பொதுப் பேரவையில் படித்தல் நலம். பணத்துக்குக் கணக்கு வைக்கக் கற்ற நாம், தண்ணீருக்கும் கணக்கு வைப்போமாக!