மலைச் சைக்கிளும் மனை வாழ்வும்

சைக்கிள் என்பது நம்மவரிடையே தனி ஒருவருக்கு உரிய வண்டியாக இருந்ததில்லை. அது குடும்பத்துக்கு உரிய வண்டி. முன்கம்பியில் மூத்த பிள்ளை, பின்னால் கேரியரில் கைக்குழந்தையுடன் இல்லத்தரசி, கைப்பிடியில் தொங்கும் பையில் சந்தைக் காய்கறி, இத்தனைக்கும் நடுவில் மூச்சு வாங்க மிதிக்கும் குடும்பத் தலைவர்! இக்காட்சியைக் காணாத தமிழக வீதி இல்லை. தங்கவயலின் லைன் வீடுகளும் அதனை நன்கு அறியும்.

இன்று கடைகளில் வேறொரு வண்டி நிற்கிறது. டயர் பருத்திருக்கிறது. கைப்பிடி அகன்று நேராக இருக்கிறது. பின்சக்கரத்தில் படிப்படியாகப் பல பல்சக்கரங்கள். ஆனால் கேரியர் இல்லை; மட்கார்டு இல்லை; சங்கிலிக்கு மூடி இல்லை; பெரும்பாலும் மணிகூட இல்லை. இதுவே மலைச் சைக்கிள். சைக்கிள் பித்துடைய அடியேன் இவ்வண்டி ஒன்றை வாங்க எண்ணியபோது, என் துணைவியார் கேட்ட கேள்வி ஒன்றே: “ஏங்க, இந்த வண்டியில நானும் பிள்ளைங்களும் எங்கே உட்கார்றது?”

கேள்வி சிரிப்புடன் கேட்கப்பட்டதுதான். எனினும், இவ்வண்டியைக் குறித்துக் கேட்கத்தக்க கேள்வி இதனினும் சிறந்தது வேறில்லை. ஓராள் வண்டி ஒன்று குடும்பத்துக்குள் நுழையும்போது, அது குடும்பத்தலைவரை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோகுமா, அன்றி வீட்டையே வெளியே அழைத்துச் செல்லுமா? இதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டி பிறந்த கதை

மலைச் சைக்கிள் பெருந்தொழிற்சாலையில் பிறந்ததன்று; பழைய இரும்பில் பிறந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்னும் மலைப்பகுதி உள்ளது. அங்கிருந்த இளைஞர்கள் சிலர் 1970க்குப் பின்வந்த ஆண்டுகளில், முந்தைய தலைமுறையினர் கழித்துவிட்ட பருத்த டயர் சைக்கிள்களைத் தேடியெடுத்து, மண்பாதைகளில் மேலிருந்து கீழே ஓட்டி மகிழ்ந்தனர். 1976 அக்டோபரில் அவர்கள் ஒரு பந்தயமே தொடங்கினர். இறக்கம் ஏறத்தாழ 1,300 அடி. பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக்கு அது. கீழே வந்து சேர்வதற்குள் சூட்டில் உள்ளிருக்கும் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அப்பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. மீண்டும் அடைத்தல் என்பது பொருள்.

அவர்களுள் ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் இதற்கெனவே தனிச் சட்டம் ஒன்றைச் செய்தார். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி ஆகிய இருவரும் 1979இல், டாம் ரிச்சி செய்த சட்டங்களைக் கொண்டு இவ்வகை வண்டிகளை விற்கத் தொடங்கினர். 1981இல் ‘ஸ்டம்ப்ஜம்ப்பர்’ என்னும் வண்டி பெருவாரியாகச் செய்து விற்கப்பட்டது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டாவில் நடந்த ஒலிம்பிக்கில் இதற்கு இடமும் கிடைத்தது. கழித்த வண்டியில் பிறந்த விளையாட்டு இருபதே ஆண்டுகளில் உலக அரங்கு ஏறியதென்றால், அதற்குக் காரணம் விலையுயர்ந்த உறுப்புகள் அல்ல, ஓட்டியவர் ஆர்வமே என்பதை நாம் மறத்தலாகாது.

பல்சக்கரக் கணக்கு

கியர் என்றதும் பலர் வேகத்தை நினைக்கின்றனர். உண்மையில் அது ஏற்றத்துக்கு உரிய துணை. பழைய வண்டியில் முன் பல்சக்கரத்துக்கு 44 பற்களும் பின்னதற்கு 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். ஒருமுறை மிதித்தால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். சமதரையில் இது சுகம். மேட்டில் இது வேதனை. மலைச் சைக்கிளில் முன்னே 22 பற்களும் பின்னே 32 பற்களும் உள்ள இணைப்புக்கு மாற்றினால், ஒரு மிதிக்கு வண்டி ஒன்றரை மீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே நகரும். தொலைவு குறைகிறது; ஆனால் காலுக்கு வரும் சுமையும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிறது. ஆதலின் வலிமை மிக்க ஆடவரைவிட, சிறுவர்க்கும் பெண்டிர்க்கும் வயது முதிர்ந்தோர்க்குமே கியர் மிகவும் பயன்படும். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில், மேடும் பள்ளமுமாய் அமைந்த நம் ஊரில் இதனை எடுத்துக்கூற வேண்டுவதில்லை.

மேட்டைக் கண்டபின் கியர் மாற்றுதல் கூடாது; மேடு வருமுன்னரே மாற்றுதல் வேண்டும். சுமையோடு மாற்றினால் சங்கிலி முறுகும், பற்கள் தேயும். வருமுன் காத்தல் வாழ்க்கைக்கு மட்டும் சொன்ன நெறியன்று.

எதனை முதலில் வாங்குவது?

இவ்வண்டிகளின் விலை பத்தாயிரம் ரூபாய் அளவில் தொடங்கிப் பல இலட்சம் வரை செல்கிறது. மாதச் சம்பளக் குடும்பங்களில் ஆசைக்கு முன் வரிசை ஒன்று வகுத்துக்கொள்ளல் நலம்.

முதலாவது, அளவு. மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நீண்டு நிற்கவேண்டும். அதுவே இருக்கையின் சரியான உயரம். இரண்டாவது, பிரேக்கு. பழைய கம்பிப் பிரேக்கு மழையில் ஏமாற்றும். தட்டுப் பிரேக்கு அவ்வாறன்று. ஆனால் நீண்ட இறக்கத்துக்குப் பின் அத்தட்டு நெருப்பாய்க் கொதிக்கும். குழந்தைகளை அதனைத் தொடவிடலாகாது. அதன்மேல் எண்ணெய்த் துளி படவும் கூடாது. மூன்றாவது, தலைக்கவசம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் அது அமரவேண்டும். பின்னுக்குத் தள்ளி அணிந்தால் நெற்றிக்குக் காப்பில்லை. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியலாகாது. நான்காவது, முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு. ஐந்தாவது, காற்றடிக்கும் பம்பு, மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்பிகள். இவற்றின் வால்வு பெரும்பாலும் மோட்டார் வண்டி வகையினது. பழைய சைக்கிள் பம்பு அதற்குப் பொருந்தாது என்பதை நடுவழியில் அறிவதைவிட வீட்டிலேயே அறிவது நன்று. முள் குத்திய டயருக்குள் புது டியூபை இடுமுன், உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்கவேண்டும். முள்ளை எடுக்காமல் டியூபை மாற்றுதல் வீண் வேலை.

முன்பின் சுருள்வில்கள் வேண்டுமா எனக் கேட்பர். குறைந்த விலை வண்டிகளில் அவை பாரத்தையே கூட்டும். மிதிக்கும் வலிமையில் ஒரு பங்கையும் விழுங்கும். நம் ஊர்ப் பாதைகளுக்குப் பருத்த டயரில் காற்றை அளவோடு வைப்பதே போதும். சங்கிலிக்கு எண்ணெய் இட்டபின் மிகுதியைத் துடைத்துவிடுக. செம்மண் புழுதி எண்ணெயில் ஒட்டினால் அது அரம்போல் பற்களைத் தின்னும்.

இல்லத்தரசியின் வண்டி

தமிழ்நாட்டில் 1949இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை, ஹெர்குலிஸ் முதலிய பெயர்களை வீட்டுப் பெயர்களாகவே ஆக்கிற்று. எனினும் அவ்வண்டிகளைப் பல்லாண்டுகள் பெரும்பாலும் ஆடவரே ஓட்டினர். அந்நிலையை அசைத்தது புதுக்கோட்டை மாவட்டம். 1991இல் அறிவொளி இயக்கம் அங்கு நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் பெண்கள் சைக்கிள் கற்பதையும் இயக்கத்தின் பகுதியாக்கினார். கல் உடைக்கும் மகளிர், வயல்வேலை செய்யும் மகளிர், செவிலியர், ஆசிரியைகள் எனப் பல்லாயிரவர் கற்றனர். 1992 மகளிர் நாளன்று 1,500க்கு மேற்பட்ட பெண்கள் மணியொலிக்கச் சைக்கிளில் ஊர்வலம் வந்தனர்.

அங்கு நிகழ்ந்த ஒன்று நம் கேள்விக்கு நேரே விடை கூறுகிறது. பெண்களுக்கென்றே செய்த வண்டிகள் போதிய அளவு கிடைக்கவில்லை. ஆயினும் பலர் ஆடவர் வண்டியையே விரும்பி வாங்கினர். காரணம், அதன் முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம்! வண்டி கைக்கு வந்ததும் அப்பெண்கள் முதலில் எண்ணியது, தம்மோடு யாரை ஏற்றிக்கொள்ளலாம் என்பதே. மலைச் சைக்கிள் வாங்கும் ஆடவரும் அவ்வாறே எண்ணுதல் அழகன்றோ?

ஆதலின் எங்கள் இல்லத்தில் ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். என் வண்டியின் உறுப்புகளுக்கு எவ்வளவு செலவாகிறதோ, அதே தொகை வீட்டார் வண்டிகளுக்கென ஒதுக்கப்படும். அத்தொகையால் துணைவியாருக்கு அகன்ற இருக்கையும் சங்கிலி மூடியும் பொருத்திய எளிய வண்டி ஒன்று வந்தது. மூடியில்லாத சங்கிலியிலும் சக்கரத்திலும் சேலைத் தலைப்போ துப்பட்டாவோ சிக்கினால் நேரும் ஆபத்தைச் சொல்லத் தேவையில்லை. மூடி பொருத்துதலும் துணியை இடுப்பில் செருகிக்கொள்ளுதலும் இன்றியமையாதன.

பிள்ளைகளும் குரங்குப் பெடலும்

நம்மில் பலர் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த பெரிய வண்டியில், கம்பிக்கு இடையே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டே கற்றவர்கள். அது வறுமை கற்பித்த வித்தை. இன்றைய பிள்ளைக்கும் அதுவே போதும் எனல் முறையன்று. ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று பெரிய வண்டி வாங்கித் தருவதும் தவறு. பிள்ளையின் சிறுவிரல் பிரேக்குப் பிடியை எட்டுகிறதா என்பதே முதற்சோதனை. கற்பிக்கும் வழியும் எளிது. இருக்கையைத் தாழ்த்தி, மிதிகளைக் கழற்றிவிடுக. குழந்தை காலால் உந்தி உந்திச் செல்லும். சில நாட்களில் உடல் தானே நிலைப்படும். பின்னர் மிதிகளை மாட்டுக. பக்கச் சக்கரங்கள் இந்த நிலைப்பாட்டைக் கற்பிப்பதில்லை.

தங்கவயலின் ஞாயிறு

வண்டியைக் காட்டிலும் அரிய பொருள் ஒன்று நம் குடும்பங்களில் உண்டு. அது நேரம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் பிழைப்புத் தேடி இங்கு வந்தனர். பௌரிங்பேட்டை எனப்பட்ட பங்காருப்பேட்டையிலிருந்து 1894இல் இருப்புப்பாதை இங்கு வந்தது. அது சுரங்கத்துக்காக வந்த பாதை. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின், அதே பாதை நம் மக்களை நாள்தோறும் பெங்களூருக்குக் கொண்டுசெல்லும் பாதையாயிற்று. விடியுமுன் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் வண்டி ஏறுவோர், பிள்ளைகள் உறங்கும் வேளையில் வீடு திரும்புகின்றனர். இரயில்வே ஊழியன் என்ற முறையில் இதனை நான் நாளும் காண்கிறேன். அவர்களுக்குப் பிள்ளை முகம் பார்க்கும் நாள் ஞாயிறு ஒன்றே. அந்த ஞாயிற்றையும் தந்தையின் தனிச் சவாரி கவர்ந்துகொண்டால், அவ்வண்டி எத்துணைச் சிறந்ததாயினும் அவ்வீட்டுக்கு ஆகாது.

விடியலில் புறப்பட்டு, காலைச் சிற்றுண்டிக்கு வீடு திரும்பிவிடும் சவாரியால் எவருக்கும் குறையில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு தனிச் சவாரிக்கு, இரண்டு ஞாயிறு குடும்பத்தோடு என வைத்துக்கொள்ளலாம். குடும்பச் சவாரியில் முன்னே செல்பவர் பிள்ளையாகவும், பின்னே வருபவர் தந்தையாகவும் இருத்தல் வேண்டும். அப்போது வேகத்தைக் குறிப்பது மிகச் சிறியவரின் கால், எவரும் பின்தங்குவதில்லை. பாலாற்று நீர் தேங்கும் பேத்தமங்கலம் ஏரிக்கரை, கம்மசந்திராவின் கோடிலிங்கேசுவரர் கோயில் ஆகியவை இதற்கேற்ற இடங்கள்.

ஓர் இடத்தை மட்டும் விலக்குக. பொன் பிரித்தபின் கொட்டிய மண், மூன்று கோடி டன்னுக்கும் மேலாக, சயனைடு மேடுகளாய் நம் ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. சரிவும் மணலும் கண்டு, மலைச் சைக்கிளுக்கு இதனினும் ஏற்ற இடமில்லை என இளைஞர் எண்ணக்கூடும். ஆனால் அது மணலன்று. மாவாய் அரைத்த பாறை. அத்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து செய்யும் கேட்டைத் தங்கவயலுக்குப் பிறர் சொல்லவேண்டுமா? சுரங்கத்தில் உழைத்த பாட்டன்மார் பலர் அத்தூளை உண்டே இருமி இருமி மாய்ந்தனர். வயிற்றுப்பிழைப்புக்காக அவர்கள் ஏற்ற துன்பத்தைப் பேரப்பிள்ளைகள் விளையாட்டுக்காக ஏற்கலாமா? பெற்றோர் இதனைக் கண்டிப்புடன் தடுத்தல் வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

பிள்ளைகளின் சைக்கிள் இரண்டு மூன்று ஆண்டுகளில் சிறியதாகிவிடுகிறது; வண்டியோ இன்னும் பத்தாண்டு உழைக்கும் நிலையில் மூலையில் துருப்பிடிக்கிறது. அவற்றை வீட்டுக்கு வீடு கைமாற்றிக்கொள்ள நம் சங்கத்து அன்பர்கள் முன்வரவேண்டும். நல்ல பம்பு ஒன்று, சங்கிலி கழற்றும் கருவி ஒன்று, பஞ்சர் ஒட்டும் பொருள்கள் ஆகியவற்றைப் பத்து வீடுகள் சேர்ந்து பொதுவில் வைத்துக்கொண்டால், தலைக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

மலைச் சைக்கிளில் ஒருவர்தாம் அமரலாம் என்பது மெய்யே. ஆனால் நான்கு பேர் நான்கு வண்டிகளில் ஒரே பாதையில் செல்வதை அது தடுப்பதில்லை. எந்த வீட்டில் தந்தையின் புது வண்டியோடு தாயின் வண்டியும் பிள்ளையின் வண்டியும் வாசலில் நிற்கின்றனவோ, அந்த வீட்டில் அது வீண் செலவன்று, குடும்பச் சொத்து.