கதைப்பின்னல் இல்லாத நாவல்

'அடுத்து நிகழ்ந்தது யாது?' என்னும் ஆவலே கதை கேட்போரை இறுதிவரை ஈர்த்துச் செல்வது. தொடக்கம், சிக்கல், உச்சம், முடிவு என்னும் வரிசை அவ்வாவலை வளர்க்கின்றது. அவ்வரிசை இன்றியும் ஒரு நாவல் சிறத்தல் கூடுமோ? கூடும் என்று காட்டியவருள் ஒருவர், ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப் (1882–1941) ஆவார்.

மனித உள்ளத்தில் கணந்தோறும் எண்ணற்ற நினைவுகள் வந்து படிகின்றன. அவை கதாசிரியர் வகுக்கும் ஒழுங்கில் வருவதில்லை. ஆதலின், வாழ்வை உள்ளவாறு உரைக்க விழைவோர் கதைப்பின்னலுக்கு அடிமையாதல் வேண்டா என்பது, 1919-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையொன்றின் கருத்தாகும். 1927-இல் வெளிவந்த 'கலங்கரை விளக்கத்தை நோக்கி' என்னும் அவருடைய நாவல் அக்கருத்திற்கு ஏற்ற சான்றாகத் திகழ்கின்றது.

அந்நாவலில் நிகழ்வன மிகச் சிலவே. ஸ்காட்லாந்தைச் சார்ந்த தீவொன்றில் ராம்சே குடும்பத்தினர் கோடையைக் கழிக்கின்றனர். ஆறு வயதுச் சிறுவன் ஜேம்ஸ், மறுநாள் கலங்கரை விளக்கத்திற்குச் செல்ல ஏங்குகின்றான். வானிலை நன்றாக இருப்பின் செல்லலாம் என்கின்றார் தாய். நன்றாக இராது என்கின்றார் தந்தை. அச்சொல் சிறுவனின் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கின்றது. நூலின் பாதிக்கு மேற்பட்ட பகுதி இவ்வொரு நாளின் மாலையிலும் இரவிலுமே அடங்குகின்றது.

அடுத்த பகுதியோ சில பக்கங்களில் பத்து ஆண்டுகளைக் கடக்கின்றது. ஆளில்லா வீட்டில் காற்று உலவுகின்றது, தூசி படிகின்றது. அனைவரையும் அன்பால் பிணைத்திருந்த தாயின் இறப்பு, அடைப்புக்குறிக்குள் ஒரே வாக்கியத்தில் கூறப்படுகின்றது. பிறர் பல பக்கங்களில் விரித்துரைக்கும் துயரம் இங்கு இவ்வாறு சுருங்கியது ஏன்? சாவு முன்னறிவித்து வருவதில்லை. காலமும் அதற்காக நின்று இரங்குவதில்லை. எதிர்பாராது அவ்வரியைக் காணும் வாசகர், அவ்வீட்டாரைப் போலவே திகைத்து நிற்கின்றனர்.

இறுதிப் பகுதியில் ஜேம்ஸ் தந்தையுடன் படகில் கலங்கரை விளக்கத்தை அடைகின்றான். அவன் படகு செலுத்திய திறத்தைத் தந்தை பாராட்டுகின்றார். கரையில் லில்லி என்னும் ஓவியர், பத்தாண்டுகளுக்கு முன் முற்றுப்பெறாது நின்ற தம் ஓவியத்தை நிறைவு செய்கின்றார். தாயின் நினைவு அவ்விருவர் உள்ளத்திலும் நிறைந்திருக்கின்றது.

வூல்ஃப் தம் 13-ஆம் வயதில், 1895-இல், தாயை இழந்தவர். இளமையில் அவர் கடற்கரையூரில் கழித்த கோடைகளும் அவ்விழப்புமே இந்நூலின் உயிர். நிகழ்ச்சிகளின் கோவை செய்யும் பணியை இதில் நினைவு செய்கின்றது. மேலும் நடப்பதை அறிய விரைவோர்க்கு இத்தகைய நாவல் சுவை தாராது. ஒவ்வொரு கணத்திலும் மாந்தர் உள்ளம் படும் பாட்டை நின்று நோக்குவார்க்கு அது பெரும்பயன் நல்கும்.